சோற்றை நிறுப்பதா, அரிசியை நிறுப்பதா?

கேள்வி: மன்னார்குடியில் வசிக்கிறேன். பள்ளி ஆசிரியை. வயது 41, உயரம் 157 செ.மீ., எடை 74 கிலோ. வீட்டில் மாமனார், மாமியார் உட்பட ஐந்து பேர். எடையைக் குறைப்பதற்காகச் சமையலறைத் தராசு ஒன்று வாங்கி, கைப்பேசிச் செயலியில் தினமும் கலோரிக் கணக்கு எழுதுகிறேன். 1400-ஐத் தாண்டுவதில்லை. ஆனால் இரண்டு மாதமாக எடை அசையவில்லை. அந்தச் செயலியில் 100 கிராம் சோற்றுக்கு ஓரிடத்தில் 130 கலோரி என்றும் இன்னோரிடத்தில் 360 என்றும் இருக்கிறது. நான் 130-ஐ எடுத்துக்கொள்கிறேன். மதியம் தட்டில் சோற்றை நிறுத்துச் சாப்பிடுகிறேன். இரவு எனக்கு மட்டும் 70 கிராம் ரவையை நிறுத்து உப்புமா செய்து, ‘உப்புமா 70 கிராம்’ என்று பதிகிறேன். எண்ணெய் ஒரு நாளைக்கு ஒரு ஸ்பூன் என்று எழுதுகிறேன். வீட்டுக்கு மாதம் நான்கு லிட்டர் எண்ணெய் வாங்குகிறோம். காபி மூன்று வேளை. குடிப்பதுதானே என்று அதைச் சேர்ப்பதில்லை. சோற்றை நிறுப்பது அத்தைக்குச் சங்கடமாக இருக்கிறது. கோளாறு தராசிலா, என் உடம்பிலா?

பதில்: பெரும்பாலும் இரண்டிலும் இல்லை. நீங்கள் எழுதியிருப்பதை வைத்தே கணக்கைச் சரிபார்க்க முடிகிறது.

முதலில் அந்த 130-ம் 360-ம். இரண்டும் சரி. 360 என்பது அரிசிக்கு, 130 என்பது சோற்றுக்கு. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட உணவுச் சத்து அட்டவணையில் 100 கிராம் தீட்டிய பச்சரிசிக்கு ஏறத்தாழ 356 கலோரி வருகிறது. புழுங்கல் அரிசிக்கும் 350-ஐ ஒட்டித்தான். அந்த 100 கிராம் அரிசி வெந்தால் 250 முதல் 300 கிராம் சோறாகிறது. கூடிய எடை முழுவதும் தண்ணீர். தண்ணீரில் கலோரி கிடையாது. (அந்த அட்டவணை கிலோஜூலில் அச்சாகியிருக்கிறது. எந்தச் செயலியாவது அரிசிக்கு 1491 என்று காட்டினால் மிரள வேண்டாம், 4.184-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.) ஆகவே மதியச் சோற்றுக்கு நீங்கள் 130-ஐ எடுத்தது சரியே.

இரவுக் கணக்குதான் தலைகீழாகிவிட்டது. நிறுத்தது ரவையை; எழுதியது உப்புமாவை. 70 கிராம் ரவையில் மட்டும் 240 கலோரி இருக்கிறது. தண்ணீரும் ரவையும் கலந்த உப்புமாவில் 70 கிராம் என்றால் செயலி 90, 100 என்றுதான் காட்டும். ஒரே வேளையில் 150 கலோரி காணாமல் போகிறது. நிறுத்த பொருள் எந்த நிலையில் இருந்ததோ, அதே நிலைக்குரிய எண்ணைத்தான் எடுக்க வேண்டும். என்னிடம் வரும் கணக்கேடுகளில் அதிகம் காணப்படும் பிழை இதுதான்.

அடுத்து எண்ணெய். ஒரு லிட்டர் எண்ணெய் ஏறத்தாழ 910 கிராம். நான்கு லிட்டர் 3640 கிராம். அதை ஐந்து பேருக்கும் 30 நாளுக்கும் வகுத்தால் தலைக்கு நாளொன்றுக்கு 24 கிராம். ஒரு கிராம் கொழுப்புக்கு 9 கலோரி வீதம் 218 கலோரி. நீங்கள் எழுதிய ஒரு ஸ்பூனுக்கு 40 கலோரிதான். சுட்ட எண்ணெய் கொஞ்சம் மிஞ்சியிருக்கும், விருந்தினர் சாப்பிட்டிருப்பார்கள் என்று கழித்தாலும் 150 கலோரி விடுபட்டிருக்கிறது. காபிக்கு வாருங்கள். ஆவின் பச்சை நிறப் பால் 100 மில்லியில் 70 கலோரிக்குச் சற்றுக் கூடுதல். இரண்டு ஸ்பூன் சர்க்கரை 10 கிராம், 40 கலோரி. ஒரு டம்ளருக்கு 110, மூன்றுக்கு 330. டிகிரி காபி என்று பால் தூக்கலாகப் போட்டால் இன்னும் ஏறும்.

இவற்றையெல்லாம் கூட்டினால் உங்கள் 1400, உண்மையில் 2000-ஐ ஒட்டி நிற்கிறது. உங்கள் வயது, உயரம், எடைக்கு, நடமாட்டத்தையும் சேர்த்து ஒரு நாள் செலவு ஏறத்தாழ 1900. வரவும் செலவும் சமமாக இருக்கும்போது எடை எப்படி அசையும்? இதில் நீங்கள் குற்ற உணர்வு கொள்ள ஒன்றுமில்லை. எவ்வளவு குறைத்துச் சாப்பிட்டும் இளைக்க முடியவில்லை என்று சொன்னவர்களைச் சோதித்த அமெரிக்க ஆய்வு ஒன்று 1992-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியானது. உண்மையில் உண்டதைவிடச் சராசரியாக 47 சதவீதம் குறைவாக அவர்கள் கணக்குச் சொல்லியிருந்தார்கள். அவர்களுடைய உடலின் கலோரிச் செலவில் எந்தக் குறையும் இல்லை.

இனி நிறுக்கும் முறை. கூட்டுக் குடும்பத்தில் தட்டை நிறுப்பதைவிடப் பானையை நிறுப்பது நல்லது. அத்தையின் சங்கடமும் அதோடு தீரும். பரிமாறிய சோற்றின் முன்னால் தராசை நீட்டினால் நம் வீடுகளில் யாருக்கும் மனம் சுருங்கத்தான் செய்யும். சமைக்கும்போது உலையில் போடும் அரிசியை நிறுத்துக்கொள்ளுங்கள். 500 கிராம் என்றால் 1750 கலோரி. வெறும் பானையின் எடையை ஒருமுறை நிறுத்து, சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள். வடித்து நிமிர்த்திய பிறகு பானையோடு நிறுத்து, பானை எடையைக் கழியுங்கள். சோறு 1400 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 1750-ஐ 1400-ஆல் வகுத்தால் கிராமுக்கு 1.25 கலோரி. நீங்கள் எடுத்துக்கொள்ளும் 180 கிராமுக்கு 225. கஞ்சியோடு கொஞ்சம் மாவுச்சத்து போகும். அதைக் கணக்கில் சேர்க்கத் தேவையில்லை. குக்கரில் வைத்தால் தண்ணீர் அளவைப் பொறுத்து எண் சற்று மாறும். அந்த 10, 15 கலோரி வித்தியாசத்தைத் துரத்த வேண்டாம். நாலைந்து முறை செய்தால் உங்கள் வீட்டுப் பானைக்கு என்று ஓர் எண் கிடைத்துவிடும். பிறகு சோற்றுக் கரண்டி ஒன்றை உங்களுக்கென்று வைத்துக்கொண்டு, அது அள்ளும் சோற்றை மூன்று முறை நிறுத்துச் சராசரி பார்த்துவிட்டால் தட்டுக்குத் தராசே வேண்டாம்.

இந்த எண் ஆண்டு முழுவதும் ஒன்றாக இருக்காது. தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்து புது அரிசி வீட்டுக்கு வரும். புது அரிசி தண்ணீரைக் குறைவாக இழுக்கும். குழையும், சோறு காணாது. பழைய அரிசிதான் உதிரியாக வெந்து நிறையக் காணும். ஆகவே புது அரிசிச் சோற்றில் அதே 180 கிராமுக்குள் அரிசி கூடுதலாக இருக்கும். மூட்டை மாறும்போது ஒருமுறை பானையை நிறுத்து எண்ணைத் திருத்திக்கொள்ளுங்கள்.

பழைய சோறு சாப்பிடும் வழக்கம் இருந்தால், இரவு தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பே நிறுத்துவிடுங்கள். காலையில் ஊறிய சோறு எடை கூடியிருக்கும், கலோரி கூடியிருக்காது.

பாரம்பரிய அரிசி பற்றியும் சொல்ல வேண்டும். மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, காட்டுயானம் சாப்பிட்டால் கலோரி குறையும் என்று நம் பக்கத்தில் பலர் நம்புகிறார்கள். தவிடு நீக்காத அரிசியில் நார்ச்சத்து கூடுதல், பசி தாங்கும். அதற்காக அவற்றை நான் மனமார ஆதரிக்கிறேன். ஆனால் 100 கிராம் மாப்பிள்ளைச் சம்பாவிலும் 350-ஐ ஒட்டிய கலோரிதான் இருக்கிறது.

குழம்புக்கும் பானைக் கணக்கே. துவரம்பருப்பு 150 கிராம் 500 கலோரி, எண்ணெய் 20 கிராம் 180, காயும் புளியும் சேர்ந்து 130. மொத்தம் 810. சாம்பார் 1900 கிராம் வந்தால் ஒரு கரண்டி, அதாவது 120 கிராம், 50 கலோரிதான். சாம்பாரை யாரும் அஞ்ச வேண்டியதில்லை. வத்தல் குழம்பு வேறு. 60 கிராம் நல்லெண்ணெய் விட்டுச் சுண்டக் காய்ச்சி 600 கிராமில் இறக்கினால், எண்ணெய் மட்டுமே 540 கலோரி. கிராமுக்குக் கிராம் சாம்பாரைவிட இரண்டு மடங்குக்கும் மேல். எண்ணெய் மேலே மிதப்பதால் யார் மேலாக எடுக்கிறாரோ அவர் பங்குக்கு அதிகம் போகும். நன்றாகக் கலக்கிவிட்டு எடுத்தால்தான் கணக்கு பொருந்தும்.

தோசைக்கும் நெய்க்கும் எண்ணெய்க்கும் எளிய வழி ஒன்று இருக்கிறது. மாவுப் பாத்திரத்தைத் தராசில் வைத்துப் பூஜ்ஜியப் பொத்தானை அழுத்துங்கள். ஒரு கரண்டி மாவை எடுத்துக் கல்லில் ஊற்றியதும் தராசு கழித்தல் குறியோடு 90 என்று காட்டும். அதுதான் அந்தத் தோசைக்கு ஊற்றிய மாவின் எடை. 400 கிராம் அரிசியும் 100 கிராம் உளுந்தும் அரைத்து 1250 கிராம் மாவு வந்தால் கிராமுக்கு 1.4 கலோரி, 90 கிராம் மாவுக்கு 125. சுற்றி விடும் எண்ணெய் 5 கிராம் என்றால் இன்னொரு 45. எண்ணெய்ப் பாட்டிலையும் இதேபோல முன்னும் பின்னும் நிறுக்கலாம். ஸ்பூனை நம்பாதீர்கள். தாளிக்கும் குழிக்கரண்டியைச் சிலர் ‘ஒரு ஸ்பூன்’ என்றே சொல்வார்கள். அதில் 15 கிராமுக்குமேல் பிடிக்கும்.

இதில் தராசின் குணம் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டுத் தராசுகளில் பல, மிக மெதுவாக ஏறும் எடையைத் தம் நடுக்கம் என்று எடுத்துக்கொண்டு தாமாகவே பூஜ்ஜியத்துக்குத் திருத்திக்கொள்ளும். எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டால் 3, 4 கிராம் பதிவாகாமலே போகக்கூடும். பாட்டிலை எடுத்து, ஊற்றிவிட்டு, திரும்ப வைத்துப் படியுங்கள். சற்று நேரத்தில் தானாக அணைந்துவிடும் தராசில் கழித்தல் கணக்கும் அழிந்துவிடும். எனவே முதல் எடையைக் குறித்து வையுங்கள். கடப்பைக் கல் மேடை போன்ற கெட்டியான சமதளத்தில் வையுங்கள். துணியின் மேல் வேண்டாம். அடுப்பிலிருந்து இறக்கிய பானையை நேரே ஏற்றினால் சூட்டில் எண் தவறும், உணரும் பாகமும் கெடும். பலகை ஒன்றை மேலே வைத்துப் பூஜ்ஜியமாக்கி, அதன்மேல் பானையை வையுங்கள். பெரும்பாலான தராசுகள் 5 கிலோ வரைதான் தாங்கும். அண்டா போன்ற பெரிய பாத்திரமாக இருந்தால் இரண்டாகப் பிரித்து நிறுக்க வேண்டும்.

தராசின் மீதே சந்தேகம் என்றால், மளிகைக் கடையில் முத்திரையிட்ட 200 கிராம், 500 கிராம் எடைக்கற்கள் இருக்கும். தராசை எடுத்துப்போய் அவற்றை வைத்துப் பாருங்கள். நடுவிலும் ஓரத்திலும் வைத்துப் பாருங்கள். ஓரிரு கிராம் வித்தியாசம் பொருட்டல்ல.

எல்லாவற்றையும் நிறுக்க வேண்டியதில்லை என்பதை அழுத்திச் சொல்கிறேன். கீரை, வெள்ளரி, புடலை, வாழைத்தண்டு, ரசம், நீர்மோர் ஆகியவற்றைக் கண்ணளவில் விடுங்கள். அவற்றில் 50 கிராம் தவறினாலும் 10, 15 கலோரிதான். நிறுக்க வேண்டியவை அரிசி, ரவை, பருப்பு, எண்ணெய், நெய், தேங்காய், சர்க்கரை, வேர்க்கடலை. பொரியலில் காயை விட்டுவிட்டு, மேலே தூவும் தேங்காய்த் துருவலை நிறுத்துப் பாருங்கள்: 40 கிராம் துருவலில் 150 கலோரி. இனிப்பில் அசோகா அல்வா 50 கிராம் எடுத்தாலே 200-ஐ ஒட்டி வரும். ஆடிப்பெருக்குச் சித்திரான்னங்களுக்கும் கல்யாணப் பந்திக்கும் தராசு வேண்டாம். அன்றைக்குத் தோராயமாக ஓர் எண்ணை எழுதிவிட்டு மறுநாள் வழக்கத்துக்குத் திரும்புங்கள். ஈடுகட்டுகிறேன் என்று பட்டினி கிடக்காதீர்கள்.

உங்களுக்கு 1500 கலோரி போதும். மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் 1200-க்குக் கீழே போக வேண்டாம். நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவராக இருந்தால், உணவைக் குறைப்பதற்கு முன் மருத்துவரைப் பாருங்கள். மருந்தின் அளவை மாற்றாவிட்டால் சர்க்கரை திடீரென இறங்கக்கூடும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் இந்தக் கணக்கில் இறங்கக் கூடாது. நிறுக்காத கவளத்தை விழுங்கவே பயம் வருகிறது என்ற நிலை வந்தால் தராசை எடுத்து வைத்துவிட்டு உளநல மருத்துவரை அணுகுங்கள்.

உடல் எடையைக் காலையில், வெறும் வயிற்றில் பாருங்கள். வாரச் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள். மாதவிடாயை ஒட்டிய நாள்களிலும் ஊறுகாய், அப்பளம் என்று உப்பு கூடிய மறுநாளும் ஒரு கிலோ வரை நீர் தங்கும். அது கொழுப்பு அல்ல. நான்கு வாரம் இப்படி எழுதியும் சராசரி இறங்கவில்லை என்றால் இன்னும் 150 கலோரியைக் குறையுங்கள். முதலில் எண்ணெயிலும் காபிச் சர்க்கரையிலும். அதன் பிறகும் நான்கு வாரம் அசையவில்லை என்றால் கணக்கேட்டோடு ஒரு மருத்துவரைப் பார்த்துத் தைராய்டுப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.