கப்பல் ஏழு மணிக்கு வரும், நீங்கள் எப்போது இறங்குவீர்கள்?

கேள்வி: "அவுகளுக்கு எழுபது நிறைந்து பீமரத சாந்தி வைத்தோம். பிள்ளைகள் சேர்ந்து, சிங்கப்பூரில் ஏறி பினாங்கு போய்த் திரும்பும் நாலு ராத்திரிக் கப்பல் பயணத்துக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். நாங்கள் இருவர் மட்டும் போகிறோம். ஏறுவதைப் பற்றி ஆளாளுக்குச் சொல்கிறார்கள், இறங்குவதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. கப்பல் காலை ஏழு மணிக்குக் கரைக்கு வருமாம். பத்தே முக்காலுக்குத் திருச்சி விமானம் போடலாமா? பெட்டியை யார் தூக்குவது? கஸ்டம்ஸில் என்ன கேட்பார்கள்? அவுகளுக்கு முழங்கால் வலி வேறு." தேவகோட்டையிலிருந்து ஒரு வாசகி.

முதலில் விமானத்தைச் சொல்லிவிடுகிறேன் ஆச்சி. பத்தே முக்கால் வேண்டாம். டிக்கெட் இன்னும் போடவில்லை என்றால் மதியம் இரண்டு மணிக்கு முன்னால் கிளம்பும் எதையும் தொடாதீர்கள். காரைக்குடியிலிருந்து குழு கூட்டிக்கொண்டு போகும் நான், சாயங்கால விமானம்தான் போடுவேன்.

ஏழு மணி என்பது கப்பலைக் கயிற்றில் கட்டும் நேரம். அதற்குப் பிறகு துறைமுகத்துக்காரர்களும் குடிநுழைவு அதிகாரிகளும் அனுமதி கொடுக்க வேண்டும். அது வரும்வரை ஒருவர்கூடக் கீழே கால் வைக்க முடியாது. அனுமதி வந்ததும் மூவாயிரம் நாலாயிரம் பேரை ஒரே வாசல் வழியாகப் பகுதி பகுதியாக இறக்குவார்கள். உங்கள் முறை ஒன்பதுக்கும் வரலாம், பத்துக்கும் வரலாம். பிறகு இமிகிரேஷன், பெட்டி தேடுவது, டாக்ஸி வரிசை, சாங்கி விமான நிலையம் போய்ச் சேர அரை மணி. பத்தே முக்கால் விமானத்துக்கு ஒன்பதே முக்காலுக்கெல்லாம் செக்-இன் மூடிவிடுவார்கள். கணக்கு ஒத்து வரவில்லை, பாருங்கள்.

கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன நம் ஐயாக்கள் காலத்தில் இதைவிட மோசம். 1926-ல் கட்டிய ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்துக் கடலில் படகிலிருந்து ஏறி, தளத்தில் பாய் விரித்துப் படுத்துப் போனவர்கள் அவர்கள். அந்த நாளில் தளத்துப் பயணிகளைச் சிங்கப்பூர் வாசலில் உள்ள செயின்ட் ஜான்ஸ் தீவில் நோய்த்தடுப்பு முகாமில் நிறுத்தி வைத்து, அப்புறம்தான் ஊருக்குள் விடுவார்கள். அதோடு ஒப்பிட்டால் நமக்கு இரண்டு மணி நேரம்தான், போகட்டும்.

இறங்கும் வேலை காலையில் தொடங்குவதில்லை, முந்தின நாள் ராத்திரியே தொடங்கிவிடும். கடைசி நாள் சாயங்காலம் உங்கள் கேபினில் கலர் டேக் சிலவற்றை வைத்திருப்பார்கள், எண்ணும் போட்டிருக்கும். பெரிய பெட்டிகளில் அதைக் கட்டி, சொன்ன நேரத்துக்குள், பெரும்பாலும் பத்து பதினொரு மணிக்குள், கேபின் கதவுக்கு வெளியே வைத்துவிட வேண்டும். ராத்திரியோடு ராத்திரியாக எடுத்துப்போய், காலையில் கரையில் உள்ள கூடத்தில் டேக் நிறப்படி வரிசையாக அடுக்கியிருப்பார்கள். அதனால் பெட்டியைத் தூக்குவது உங்கள் கவலை இல்லை. காலையில் உங்கள் டேக் எண்ணைக் கூப்பிடும்போது இறங்கினால் போதும். 'நானே தூக்கிக்கொள்கிறேன்' என்று எழுதிக் கொடுத்தால் முதல் ஆளாக இறங்கலாம்; ஆனால் எல்லாப் பெட்டியையும் நீங்களே இழுக்க வேண்டும். முழங்கால் வலிக்காரருக்கு அந்தப் பேச்சே வேண்டாம்.

பெட்டியை வெளியே வைத்தபின் அது காலையில் கரையில்தான் கிடைக்கும். நாலு வருஷத்துக்கு முன் எங்கள் குழுவில் வந்த ஒரு அண்ணன், பத்திரமாக இருக்கட்டும் என்று இரண்டு பாஸ்போர்ட்டையும் பட்டு வேட்டியின் மடிப்புக்குள் செருகி, பெட்டியைப் பூட்டி வெளியே வைத்துவிட்டார். மறுநாள் காலை இமிகிரேஷன் வரிசையில் சட்டைப் பையைத் தடவிய பிறகுதான் நினைவு வந்தது. பெட்டியோ இமிகிரேஷனுக்கு அந்தப் பக்கம். ஊழியர் ஒருவர் நாலு தடவை போய் நாலு தப்பான பெட்டியை உருட்டி வந்தார், எல்லாம் அதே கறுப்பு நிறம். ஐந்தாவதாக வந்ததில் பூட்டு எண் மறந்துபோய், அவர் வீட்டு ஆச்சி அங்கேயே தரையில் உட்கார்ந்து பேரன் பிறந்த தேதி, கல்யாணத் தேதி என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார்கள். திறந்தபோது மேலே அதிரச டப்பா, அதற்கடியில் வேட்டி, வேட்டிக்குள் பாஸ்போர்ட். ஒன்றேகால் மணி நேரம் இருபத்திரண்டு பேரும் நின்றோம்.

அதனால் ஒரு கைப்பை தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட், விசாத் தாள், போன், சார்ஜர், பணம், மூக்குக்கண்ணாடி, அவுகளுடைய காலை மாத்திரை, நகை, மறுநாள் உடுத்தும் சேலை, வேட்டி, செருப்பு எல்லாம் அதில். செருப்பைச் சிரிக்காமல் எழுதுகிறேன். வெறுங்காலோடு இறங்கியவரையும் பார்த்திருக்கிறேன். பெட்டி அடையாளத்துக்கு ஒரு மஞ்சள் துணியைக் கைப்பிடியில் இறுக்கி முடிந்துவிடுங்கள். ஆசியப் பயணங்களில் சில கப்பல்காரர்கள் ஏறும்போதே பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு கடைசியில்தான் தருவார்கள். உங்களிடம் வாங்கினால் திரும்ப எங்கே, எத்தனை மணிக்கு என்று அப்போதே கேட்டு வையுங்கள்.

அன்று ராத்திரி கணக்கும் முடிக்க வேண்டும். கப்பலுக்குள் ரொக்கம் செல்லாது, எல்லாம் கேபின் கதவைத் திறக்கும் அட்டையில் ஏறும். பிள்ளைகள் கிரெடிட் கார்டைப் பதிந்து கொடுத்திருந்தால் தானாகக் கழிந்துவிடும். ஆனாலும் பில்லை வாங்கி ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். குடிக்காத குளிர்பானம் அதில் இருக்கும். தகராறு பண்ணுவதென்றால் ராத்திரியே ரிசப்ஷனில் பண்ண வேண்டும், காலையில் வரிசை வளவு தாண்டித் தெருவுக்குப் போய்விடும். டெபிட் கார்டு மட்டும் கொடுக்காதீர்கள். முன்பணமாக நிறுத்தி வைத்த தொகை கணக்குக்குத் திரும்பப் பல நாள் ஆகும்.

சக்கர நாற்காலியை டிக்கெட் போடும்போதே எழுதச் சொல்லுங்கள். கப்பலில் ஏறியபின் ரிசப்ஷனில் இன்னொரு தரம் ஞாபகப்படுத்துங்கள். கப்பலில் நாற்காலி கொஞ்சம்தான், கேட்பவர்கள் நிறைய. பெயர் கொடுத்தவர்களை ஒரு ஹாலில் உட்கார வைத்து, ஆள் வந்து தள்ளிக்கொண்டு போவார்கள். 'நடந்துவிடுவேன்' என்று அவுக வீறாப்புப் பேசினால் கேட்காதீர்கள். கப்பலிலிருந்து டாக்ஸி வரை நல்ல தூரம், நடுவில் வரிசையில் நிற்கும் நேரம்தான் முழங்காலைக் கெடுக்கும்.

சரி, இமிகிரேஷன். இங்கே இரண்டு விஷயம். கப்பல் ஏறும்போது நீங்கள் சிங்கப்பூரை விட்டு வெளியேறிவிட்டீர்கள், இறங்கும்போது மறுபடி நுழைகிறீர்கள். ஆகவே சிங்கப்பூர் விசா பலமுறை நுழையும் விசாவாக இருக்க வேண்டும். வழக்கமாக அப்படித்தான் தருகிறார்கள். ஆனாலும் தாளைக் கையில் வாங்கிப் படித்துப் பாருங்கள். இரண்டாவது, எஸ்ஜி அரைவல் கார்டு என்ற இணையப் படிவம். விமானத்தில் போய் இறங்குவதற்கு ஒன்று, கப்பலில் திரும்பி வருவதற்கு இன்னொன்று. இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள்தான் நிரப்ப முடியும் என்பதால் இரண்டாவதை ஊரிலிருந்தே போட்டு வைக்க முடியாது. கப்பலில் இணையத்துக்குத் தனிக் காசு, பினாங்கில் இறங்கும் அன்று வைஃபை கிடைக்கும் காபிக் கடையில் உட்கார்ந்து முடித்துவிடுங்கள். குடிநுழைவுத் துறையின் சொந்தத் தளத்தில் இது இலவசம். பணம் கேட்கும் தளம் வந்தால் வேறெங்கோ போய்விட்டீர்கள் என்று அர்த்தம். பயணத்துக்கு முன் பேரனை விட்டு ஒரு தடவை போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

சிங்கப்பூர் கஸ்டம்ஸ் உங்களைப் போன்றவர்களுக்கு இரண்டு நிமிஷம். 48 மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்து வருபவர் ஒருவருக்கு 500 சிங்கப்பூர் டாலர் வரை வாங்கிய பொருளுக்கு வரி இல்லை. கப்பல் கடையில் வாங்கிய சென்ட், கைக்கடிகாரம் எல்லாம் இந்தக் கணக்கில் வரும், ரசீதைக் கையில் வைத்திருங்கள். மாட்டிக்கொள்ளும் இடம் பாட்டில். சிங்கப்பூரில் மதுவுக்கான வரிச்சலுகை மலேசியாவிலிருந்து வருபவர்களுக்குக் கிடையாது. உங்கள் கப்பல் பினாங்கிலிருந்து வருகிறது. பங்காளிகளுக்கென்று கப்பலில் விஸ்கி வாங்கினால் கரையில் வரி கட்ட நேரும். கட்டினாலும் அந்தப் பாட்டிலை விமானத்தில் கைப்பையில் விடமாட்டார்கள், பெட்டிக்குள் சுற்றி வைக்க வேண்டும். அவுக ஆசைப்பட்டால் சாங்கியில் இமிகிரேஷன் தாண்டியபின் உள்ள கடையில் வாங்கிக்கொள்ளட்டும். திருச்சியில் ஒருவருக்கு இரண்டு லிட்டர் வரை விடுவார்கள்.

போகும்போது கொண்டுபோவதிலும் ஒரு வார்த்தை. சீப்புச் சீடை, தேன்குழல், மாவுருண்டை பிரச்சினை இல்லை. உப்புக்கண்டம் கூடாது, வீட்டில் செய்த இறைச்சி எதுவும் அங்கே நுழையாது. கசகசா அரைத்துப் போட்ட குருமாப் பொடியைக் கண்டிப்பாக எடுத்துவிடுங்கள். கசகசா அபினிச் செடியின் விதை, அந்த ஊர் போதைப்பொருள் சட்டம் விளையாட்டில்லை. வாய்ப்புகையிலைக்கும் சூயிங்கத்துக்கும் அங்கே தடை. வெற்றிலைப் பெட்டியில் ஒரு துண்டு புகையிலை கிடந்தாலும் ஊரிலேயே உதறிவிட்டு வாருங்கள். அவுக தூக்க மாத்திரையோ கோடீன் கலந்த இருமல் மருந்தோ சாப்பிடுகிறவர் என்றால் டாக்டர் சீட்டு மட்டும் போதாது. முன்கூட்டியே அங்குள்ள சுகாதார அறிவியல் ஆணையத்திடம் அனுமதி கேட்க வேண்டி வரலாம். இதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள்.

பத்து மணிக்கு வெளியே வந்து சாயங்காலம் விமானம் என்றால் நடுவில் நேரம் இருக்கிறது. பெட்டிகளைச் சாங்கியில் பாதுகாப்பறையில் போட்டுவிட்டு டாக்ஸியில் டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலுக்குப் போய் வரலாம். 1859-ல் நகரத்தார் கட்டியது. மதியம் நடை சாத்திவிடுவார்கள், அதை மட்டும் கணக்கில் வையுங்கள். கப்பல் ஏறுமுன் முஸ்தபாவில் 100 டாலருக்கு மேல் ஒரே கடையில் வாங்கியிருந்தால் ஜிஎஸ்டியைத் திரும்பப் பெறலாம். இப்படிப் போய்த் திரும்பும் கப்பல் பயணத்துக்குத் துறைமுகத்தில் அது கிடைக்காது, சாங்கியில் விமானம் ஏறும்போதுதான் கேட்க வேண்டும். பொருளும் கூடவே இருக்க வேண்டும், அதனால் பெட்டியை அனுப்புவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

உண்மையில் நீங்கள் யோசிக்க வேண்டிய கஸ்டம்ஸ் திருச்சியில்தான் இருக்கிறது. சிங்கப்பூர் விமானம் என்றாலே அங்கே தங்கத்தைத் தேடும் கண்ணோடுதான் பார்ப்பார்கள். வெளிநாட்டில் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்து திரும்புகிறவர்களுக்குத்தான் பெண்ணுக்கு 40 கிராம், ஆணுக்கு 20 கிராம் நகைச் சலுகை. ஒரு வாரம் போய் வருகிறவர்களுக்கு அது இல்லை. சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் செயின் எடுத்தால், வரி கட்ட வேண்டிய பொருள் வைத்திருப்பவர்கள் போகும் சிவப்பு வழியில் பில்லோடு போய்க் காட்டிவிடுங்கள். காட்ட எதுவும் இல்லை என்பவர்களுக்கான பச்சை வழியில் போய் மாட்டினால் பேச்சே வேறு. மற்ற சாமான்களுக்குப் பொதுச் சலுகை உண்டு. 2016 விதிகளில் அது 50,000 ரூபாயாக இருந்தது. அரசு அவ்வப்போது மாற்றும் தொகை என்பதால் கிளம்பும் வாரம் சுங்கத்துறைத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். மாறாத ஒன்று, அந்தச் சலுகை ஆளுக்கு ஆள் தனி. ஒரு லட்ச ரூபாய் போனை வாங்கிவிட்டு 'ஆளுக்குப் பாதி' என்று கணவன் மனைவி கணக்கில் பிரித்துக் காட்ட முடியாது.

கடைசியாக நீங்கள் போட்டுக்கொண்டு போகும் நகை. தாலிச் செயினும் தினசரி வளையலும் போதும், வைரத்தோட்டை லாக்கரில் வைத்துவிட்டுப் போங்கள் என்பேன். கப்பலில் ஒரு ராத்திரி எல்லாரும் அலங்காரமாக வரும் விருந்து இருக்கும், அதற்குப் போட்டே ஆக வேண்டும் என்றால், ஊரிலிருந்து கிளம்பும் அன்றே திருச்சி விமான நிலையத்தில் சுங்க அதிகாரியிடம் நகையைக் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். இது இந்தியாவிலிருந்து கொண்டுபோன நகைதான் என்பதற்கு, திரும்பி வரும்போது அதுதான் சாட்சி. பழைய நகைக்கு பில் இருக்காது. மதிப்பீட்டாளரிடம் எடையோடு எழுதி வாங்கி, போட்டோவும் எடுத்து வையுங்கள். அதிகாரி எடை போட்டு எழுதிக் கொடுக்க நேரம் ஆகும், அன்றைக்கு மட்டும் தேவகோட்டைக்குக் காரை ஒன்றரை மணி நேரம் முன்னதாக வரச் சொல்லுங்கள்.