நண்பரிடம் மனம்விட்டுப் பேசினாலே போதாதா? உளவியல் சிகிச்சையில் கூடுதலாக என்ன நடக்கிறது?

கேட்டவர் இப்படி எழுதியிருக்கிறார்: "மனத்தில் இருப்பதை நெருங்கிய நண்பரிடம் கொட்டித் தீர்த்தாலே பாரம் குறைந்துவிடுகிறது. அப்புறம் ஏன் பணம் கொடுத்து, முன்பின் தெரியாத ஒருவரிடம் போய்ப் பேச வேண்டும்? அவரும் கேட்கத்தானே போகிறார்?"

நான் உளவியல் சிகிச்சை அளிப்பவன். இந்தக் கேள்வியைப் பல வடிவங்களில் கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் உதவி தேவைப்படும் ஒருவர்தான், போகலாமா வேண்டாமா என்ற தயக்கத்தில் இதைக் கேட்கிறார். அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

பேசினால் பாரம் குறையும் என்பதில் சந்தேகம் இல்லை. வேலை போன வருத்தம், உறவு முறிந்த வலி, நெருங்கியவரின் மரணம் ஆகியவற்றில் பெரும்பாலானவர்களுக்கு நல்ல நண்பரும் காலமுமே போதும். எல்லா வருத்தத்துக்கும் சிகிச்சை வேண்டும் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. நோய் என்று ஒன்று வேர்பிடித்த பிறகுதான் கணக்கு மாறுகிறது. அங்கே பாரம் குறைவது வேறு, நோய் குறைவது வேறு. சில நோய்களில் ஒன்று குறையக் குறைய மற்றது வளர்கிறது.

ஓ.சி.டி.யை எடுத்துக்கொள்வோம்: வேண்டாத சந்தேகங்களும், அவற்றை அடக்கச் செய்யும் சடங்குகளும் விடாமல் திரும்பத் திரும்ப வரும் நோய். இது எந்தத் தனி மனிதரின் கதையும் அல்ல. இந்த நோயில் திரும்பத் திரும்ப நடப்பதை ஒரே ஆளின் மேல் வைத்துச் சொல்கிறேன். இரவு படுத்த பிறகு ஒரு பெண்ணுக்கு, கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று சந்தேகம் வருகிறது. எழுந்து போய்ப் பார்க்கிறார். அணைந்துதான் இருக்கிறது. திரும்பி வந்து படுத்ததும், சரியாகப் பார்த்தோமா என்று அடுத்த சந்தேகம். கணவரைக் கேட்கிறார். "அணைத்தாகிவிட்டது, தூங்கு" என்கிறார் அவர். நிம்மதி வருகிறது, சில நிமிடங்களுக்கு. பிறகு, "நீங்கள் எழுந்து போய்ப் பார்த்துவிட்டுச் சொன்னீர்களா, படுத்தபடியே சொன்னீர்களா?" சில மாதங்களில் அந்தக் கணவர் அடுப்பைச் செல்போனில் படம் பிடித்து வந்து காட்டும் நிலைக்கு வந்துவிடுகிறார். அதற்கும் ஒரு கேள்வி தயாராக இருக்கிறது: "படம் எடுத்தபோது உங்கள் கை திருகியில் பட்டிருந்தால்?"

அந்தக் கணவர் எதையும் அலட்சியமாகச் செய்யவில்லை. ஒவ்வொரு முறையும் அன்போடு, பொறுமையோடு ஆறுதல் சொல்கிறார். நோய் வளர்வதும் அந்த ஆறுதலில்தான். பதில் கிடைத்ததும் வரும் நிம்மதி, "கேட்டதால்தான் தப்பித்தோம்" என்று மூளைக்குக் கற்றுக்கொடுத்துவிடுகிறது. அடுத்த சந்தேகம் இன்னும் வேகமாக வருகிறது.

1966-ல் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர், இப்படிப்பட்ட நோயாளிகளைப் பயப்படும் சூழ்நிலையிலேயே இருக்கவைத்து, கழுவுவது, சரிபார்ப்பது போன்ற சடங்குகளை மட்டும் செய்யவிடாமல் தடுத்துப் பார்த்தார். அதுவரை எதற்கும் மசியாத நோய் அதற்கு இளகியது. இன்று ஓ.சி.டி.க்கு முதன்மையாகப் பரிந்துரைக்கப்படும் பேச்சு சிகிச்சை அதிலிருந்து வளர்ந்ததுதான். அதைப் பேச்சு சிகிச்சை என்று சொல்வதே பாதி உண்மைதான், ஏனென்றால் அதில் முக்கால்வாசி செயல். அடுப்பைப் பற்றவைத்து, அணைத்து, ஒரே ஒரு முறை பார்த்துவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு அறையை விட்டு வெளியே வர வேண்டும். "பயம் நூற்றுக்கு எவ்வளவு?" என்று கேட்பேன். "எண்பது" என்பார். சேர்ந்து உட்கார்ந்திருப்போம். கொஞ்ச நேரத்தில் என்னிடமே கேட்பார்: "ஒன்றும் ஆகாது, இல்லையா?"

நண்பராக இருந்தால் "ஒன்றும் ஆகாது" என்று உடனே சொல்லிவிடுவார். அப்படிச் சொல்ல எனக்கும் வாய்வரை வரும். சொல்லக் கூடாது என்பதுதான் என் வேலை. "ஆகலாம், ஆகாமலும் போகலாம். எது என்று தெரியாமலே இன்னும் பத்து நிமிடம் இருந்து பார்ப்போமா?" என்பேன். பயம் பெரும்பாலும் மெல்ல இறங்கும். சில நாட்களில் இறங்காது. இறங்காவிட்டாலும் நிச்சயமின்மையோடு உட்கார்ந்திருக்கத் தன்னால் முடிகிறது என்பதை அவர் கண்கூடாகப் பார்த்துவிடுகிறார். இதில் எதுவும் கட்டாயத்தின் பேரில் நடப்பதில்லை. எந்தப் பயத்தை எப்போது எதிர்கொள்வது என்று முன்கூட்டியே இருவரும் பேசி, எளியதில் தொடங்கிப் படிப்படியாக ஏறுகிறோம். கணவரையும் அழைத்துப் பேசுகிறோம். அடுத்த முறை கேட்டால், "இதற்குப் பதில் சொல்வதில்லை என்று பேசிவைத்திருக்கிறோம், இந்தப் பதற்றம் போகும்வரை உன்னோடு இருக்கிறேன்" என்று சொல்லச் சொல்கிறோம். ஆரம்பத்தில் அது அவருக்குக் கல்நெஞ்சமாகத் தோன்றும். மனைவியே கேட்டுக்கொண்ட உதவி அது என்று புரிந்த பிறகுதான் அவரால் அதைச் செய்ய முடிகிறது.

மனச்சோர்வில் இது வேறு விதமாக நடக்கிறது. "என்னால் யாருக்கும் பிரயோசனம் இல்லை" என்று ஒருவர் சொன்னால், அவர் மேல் பிரியம் உள்ளவர்கள் மறுத்துப் பேசுவார்கள். "உனக்கு என்ன குறை? எவ்வளவு சாதித்திருக்கிறாய்!" கேட்பவருக்கு, தன்னை யாரும் புரிந்துகொள்ளவில்லை என்ற எண்ணம்தான் மிஞ்சும். ஆரன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1960-களில் இந்த இடத்தில்தான் புது வழி கண்டார். சிக்மண்ட் பிராய்ட் தொடங்கிய, ஆழ்மனத்தை ஆராயும் மனோபகுப்பாய்வில் பயிற்சி பெற்றவர் அவர். நோயாளிகளின் மனத்தில் கண நேரத்தில் தோன்றி மறையும் தன்னிச்சையான எண்ணங்களைக் கவனிக்கத் தொடங்கினார். அவற்றை மறுப்பதில்லை, ஒப்புக்கொள்வதும் இல்லை. சோதித்துப் பார்ப்பது அவர் வழி. அந்த எண்ணம் கடைசியாக எப்போது வந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், அதை எத்தனை சதவீதம் நம்பினீர்கள், அதற்கு ஆதாரம் என்ன, எதிரான ஆதாரம் என்ன என்று கேட்டு எழுதவைப்பார்கள். "பிரயோசனம் இல்லை" என்ற பெரிய தீர்ப்பு, "செவ்வாய்க்கிழமை மதியம் அலுவலக மின்னஞ்சல் ஒன்றுக்குப் பதில் வராதபோது தோன்றியது" என்று சுருங்கும்போது அதை ஏதாவது செய்ய முடிகிறது. ஒரு தாளில் நான்கு பத்தி கட்டம் போட்டு எழுதும் வேலை இது. பார்ப்பதற்கு மிகச் சாதாரணம். ஒழுங்காகச் செய்தவர்கள் மாறுவதைப் பார்த்திருக்கிறேன், அதனால் இந்தத் தாளின் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

"கொட்டித் தீர்த்தால் சரியாகிவிடும்" என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1880 முதல் 1882 வரை வியன்னாவில் யோசெப் பிராயர் என்ற மருத்துவர் ஓர் இளம்பெண்ணுக்குச் சிகிச்சை அளித்தார். அறிகுறி ஒவ்வொன்றும் எப்போது தொடங்கியது என்று பேசப் பேச அது மறைந்தது என்றும், அந்தப் பெண்ணே அதற்குப் பேச்சு வைத்தியம் என்று பெயர் வைத்தார் என்றும், பிராயரும் பிராய்டும் 1895-ல் சேர்ந்து வெளியிட்ட நூலில் பதிவாகியுள்ளது. ஆன்னா ஓ. என்ற புனைபெயரில் உலகப் புகழ் பெற்ற அந்தப் பெண்ணின் உண்மைப் பெயர் பெர்த்தா பாப்பன்ஹைம். கதையின் அடுத்த பகுதியைப் பலர் சொல்வதில்லை. பிராயரின் சிகிச்சை முடிந்த அதே 1882 கோடையில் அந்தப் பெண் ஒரு மனநல விடுதியில் சேர்க்கப்பட்டார். அதன் பிறகும் சில ஆண்டுகள் அவ்வப்போது இப்படிச் சேர்க்க நேர்ந்தது. பின்னாளில் அவர் மீண்டு, ஜெர்மனியில் யூதப் பெண்களுக்கான அமைப்பை 1904-ல் நிறுவி, சமூகப் பணியில் பெரிய ஆளுமையாக விளங்கினார். பேசியதும் எல்லாம் தீர்ந்துவிட்டது என்ற படம் தொடக்கத்திலேயே முழு உண்மையாக இருக்கவில்லை.

இன்னொரு சான்று இதைவிட முக்கியம். விபத்து, தாக்குதல் போன்ற பேரதிர்ச்சிக்கு ஆளானவர்களை உடனே உட்காரவைத்து, நடந்ததை ஒன்றுவிடாமல் பேசவைத்தால் பின்னால் பாதிப்பு வராது என்று 1980-களில் பரவலாக நம்பினார்கள். ஆய்வு செய்து பார்த்தபோது, அப்படி ஒரே அமர்வில் பேசவைப்பது பின்விளைவுகளைத் தடுக்கவில்லை. சில ஆய்வுகளில் பேசவைக்கப்பட்டவர்கள் மற்றவர்களைவிட மோசமாக இருந்தார்கள். உலக சுகாதார நிறுவனமும் இப்போது அதைச் செய்ய வேண்டாம் என்கிறது. பாதுகாப்பான இடம், சாப்பாடு, உறவினரோடு தொடர்பு, பேச விரும்பினால் கேட்க ஓர் ஆள் ஆகியவையே முதலில் தேவை. ஆகவே அதிர்ச்சியில் இருப்பவரிடம், "அழுதுவிடு, எல்லாவற்றையும் சொல்லிவிடு" என்று வற்புறுத்தாதீர்கள். மாதங்கள் கழிந்தும் அந்த நினைவு விடாமல் துரத்தினால், அதற்கென்றே படிப்படியான சிகிச்சை இருக்கிறது.

உளவியல் சிகிச்சை உண்மையில் பலன் தருகிறதா என்ற சந்தேகம் துறைக்குள்ளேயே எழுந்ததுதான். 1952-ல் ஹான்ஸ் ஐசென்க் என்ற உளவியலாளர், நியூரோசிஸ் என்று அன்று அழைக்கப்பட்ட, பதற்றம், மனச்சோர்வு போன்ற கோளாறுகளில் மூன்றில் இரண்டு பங்கு சிகிச்சை இல்லாமலே சில ஆண்டுகளில் தேறிவிடுகிறது, சிகிச்சைக்கு ஆதாரம் எங்கே என்று கேட்டுப் பெரிய சர்ச்சையைக் கிளப்பினார். அந்தக் கேள்விக்கு நான் நன்றி சொல்வேன். அதுதான் துறையை எண்ணிப் பார்க்கவைத்தது. 1977-ல் மேரி ஸ்மித், ஜீன் கிளாஸ் என்ற ஆய்வாளர்கள் 375 ஆய்வுகளைத் தொகுத்து, சிகிச்சை பெற்ற சராசரி ஆள், சிகிச்சை பெறாதவர்களில் 75 சதவீதம் பேரைவிட நல்ல நிலையில் இருப்பதாகக் காட்டினார்கள். மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்: சிகிச்சைக்கு வரும் பெரியவர்களில் 5 முதல் 10 சதவீதம் பேர் வந்ததைவிட மோசமான நிலையில் போகிறார்கள் என்று ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. இதை மறைப்பது நேர்மை ஆகாது.

எந்த முறையாக இருந்தாலும் பலனோடு மிக நெருக்கமாகத் தொடர்புடைய ஒன்று, இருவருக்கும் இடையிலான கூட்டுறவு. எட்வர்ட் போர்டின் என்ற உளவியலாளர் 1979-ல் இதை மூன்றாகப் பிரித்தார்: நோக்கத்தில் ஒத்த கருத்து, செய்யும் வேலையில் ஒத்த கருத்து, இருவருக்கும் இடையிலான பிணைப்பு. "அவர் அன்பாகப் பேசினார்" என்பது மூன்றாவது மட்டும்தான். ஆறு அமர்வு முடிந்தும் எதற்காக வருகிறோம் என்று இருவருக்கும் வேறு வேறு எண்ணம் இருந்தால், அன்பு மட்டும் தூக்கி நிறுத்தாது.

நண்பரிடம் கிடைக்காத இன்னொன்றும் இந்த உறவில் உண்டு. சிகிச்சையாளர் மேல் உங்களுக்குக் கோபம் வந்தால், அதை அவரிடமே சொல்லலாம். "போன வாரம் நான் அழுதபோது நீங்கள் கடிகாரத்தைப் பார்த்தீர்கள், எனக்கு வலித்தது" என்று ஒருவர் சொல்ல முடிந்தால், அந்த அமர்வு பல நாள் பேச்சுக்குச் சமம். வாழ்நாள் முழுக்க வலியை விழுங்கிக்கொண்டே உறவுகளைக் காப்பாற்றி வந்தவருக்கு, சொன்ன பிறகும் உறவு உடையாமல் நிற்பதைப் பார்ப்பதே சிகிச்சை. நண்பரிடம் இதைச் சொல்லும்போது அவருடைய மனமும் நோகும், அதையும் நீங்கள்தான் தாங்க வேண்டும். அவருக்கும் உங்களிடம் எதிர்பார்ப்புகள் உண்டு, அது நியாயமும்கூட. சிகிச்சை அறையில் அந்த ஐம்பது நிமிடமும் உங்களுக்கானது.

ரகசியம் காக்கப்படும். உயிருக்கு ஆபத்து, குழந்தை மீதான கொடுமை போன்றவை அதற்கு விதிவிலக்கு. முதல் அமர்விலேயே அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

மருந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இருதுருவக் கோளாறு (அளவுமீறிய எழுச்சியும் சோர்வும் மாறி மாறி வரும் நோய்), மனச்சிதைவு போன்றவற்றுக்கு மருந்தே அடித்தளம், பேச்சு துணை. மனச்சோர்வு கடுமையாக இருந்தாலும் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்லும், குணம் நிச்சயம் என்று வாக்குறுதி தரும், நட்பு அல்லது காதலாக உறவை நீட்டும் சிகிச்சையாளரிடமிருந்து உடனே விலகுங்கள். தற்கொலை எண்ணம் இருந்தால் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கோ உதவி எண்ணுக்கோ அன்றே போக வேண்டும். அந்த நேரத்தில் தனியாக விடாமல் கூடவே இருப்பது நண்பரின் வேலை; அதை எந்தச் சிகிச்சையாளராலும் செய்ய முடியாது.

போவது என்று முடிவெடுத்தால், முதல் நாளே கேளுங்கள்: என் பிரச்சினையை நீங்கள் எப்படிப் புரிந்துகொள்கிறீர்கள், எந்த முறையில் சிகிச்சை செய்வீர்கள், முன்னேற்றத்தை எப்படி அளப்போம்? மனச்சோர்வுக்கு ஒன்பது கேள்விகள் கொண்ட எளிய படிவம் இருக்கிறது, 0 முதல் 27 வரை மதிப்பெண் வரும். சில வாரங்களுக்கு ஒருமுறை நிரப்பினால் போக்கு தெரிந்துவிடும். ஏழெட்டு அமர்வுக்குப் பிறகும் எதுவும் நகரவில்லை என்றால் சொல்லாமல் நின்றுவிடாதீர்கள், அதையே எடுத்துப் பேசுங்கள். நல்ல சிகிச்சையாளர் முறையை மாற்றுவார், அல்லது உங்களுக்குப் பொருத்தமான வேறொருவரைக் கைகாட்டுவார். கோபித்துக்கொண்டால், அடுத்தவரைத் தேட அந்த ஒரு காரணமே போதும்.