வாசகர் கடிதம்: ஸாங்கீஃப், கைல், ஒரு கன்ட்ரோலர்

அண்ணா வணக்கம்,

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 என்ற சண்டை வீடியோ கேமை வாங்கிய நாளிலிருந்து, எதிராளியைக் கிட்டே போய்ப் பிடித்து எறியும் ஸாங்கீஃப் மட்டும்தான் ஆடுகிறேன். மற்ற ஆட்களோடு எப்படியோ சமாளித்துவிடுகிறேன். எதிரில் கைல் வந்தால் மட்டும் ஒன்றும் ஓடுவதில்லை. அந்தக் கோடியில் உட்கார்ந்துகொண்டு தூரத்திலிருந்தே பறந்து வந்து அடிக்கும் சோனிக் பூமாகப் போட்டுத் தள்ளுகிறார்கள். குதித்தால் சம்மர்சால்ட் கிக், காற்றிலேயே உதைத்துத் தள்ளிவிடுகிறார்கள். கிட்டே போய்ச் சேருவதற்குள் பாதி உயிர் போய்விடுகிறது. இந்த இரண்டு ஆட்களின் மோதல், அதாவது மேட்ச்அப், கைலுக்குச் சாதகமாக 6-4 என்று சிலரும் 7-3 என்று சிலரும் சொல்கிறார்கள். ஆளையே மாற்றிவிடலாமா?

நான் ஆடுவது இரண்டு கையிலும் பிடிக்கும் சாதாரண பேடில். நண்பர்களோ, "பேடில் ஆடினால் அப்படித்தான் இருக்கும், லீவர்லெஸ் வாங்கு" என்கிறார்கள், திசைக்கும் பட்டன்களே இருக்கும் பெட்டி அது. நான் பார்த்தது பதினைந்தாயிரம் ரூபாய்க்கு மேல். வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. வாங்கினால் மாற்றம் தெரியுமா? நெடுநேரம் ஆடினால் இடது கட்டைவிரல் வலிக்கவும் செய்கிறது. கடைசியாக ஒன்று, என் தங்கையும் ஆட ஆசைப்படுகிறாள். சிக்கலான அடிகளும் ஒரே பட்டனில் வரும் மாடர்ன் கன்ட்ரோலில் ஆரம்பித்தால் பழக்கம் கெட்டுவிடுமா?

க., கோவை

*

அன்புள்ள க.,

கைலிடம் தோற்கிறோம் என்பதற்காகக் கன்ட்ரோலர் வாங்காதீர்கள். கட்டைவிரல் வலி வேறு விஷயம், அதற்குப் பிறகு வருகிறேன். உங்கள் கடிதத்தில் "குதித்தால் சம்மர்சால்ட் கிக்" என்று ஒரு வரி இருக்கிறது. எந்த நேரத்தில் குதிக்கிறோம் என்பதில் இருக்கிற கோளாறு அது. அதைப் பேடில் எவ்வளவு எளிதாகச் செய்யலாமோ, பதினைந்தாயிரம் ரூபாய்ப் பெட்டியிலும் அவ்வளவு எளிதாகவே செய்யலாம்.

கைலும் ஸாங்கீஃபும் 1991-இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-இலேயே இருந்தவர்கள். ஒருவர் தூரத்தில் நிறுத்தப் பார்ப்பார், இன்னொருவர் நெருங்கப் பார்ப்பார். முப்பது வருடங்களுக்கு மேலாகியும் இந்தச் சண்டையின் எலும்புக்கூடு மாறவில்லை. அதைப் புரிந்துகொள்ள நல்ல வழி, உங்கள் ஆளை மறந்துவிட்டு கைல் ஆடுபவரின் இடது கை என்ன செய்கிறது என்று பார்ப்பது.

கைல் சார்ஜ் பிடிக்கும் ஆள், அதாவது ஒரு திசையைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்தால்தான் அவருடைய பெரிய அடிகள் வரும். சோனிக் பூம் போட வேண்டுமானால் பின்பக்கம் கொஞ்ச நேரம் பிடித்திருந்து, பிறகு முன்னால் தட்டி குத்து. சம்மர்சால்ட் கிக்குக்குக் கீழே பிடித்திருந்து, மேலே தட்டி உதை. அதனால்தான் கைல் ஆடுபவர்கள் எப்போது பார்த்தாலும் கீழ்-பின் மூலையைப் பிடித்தபடி குந்தியிருக்கிறார்கள். அந்த ஒரே இடத்தில் இரண்டு சார்ஜும் சேர்ந்து ஏறும், தடுப்பும் இருக்கும். பூம் போடுவதற்காக முன்னால் தட்டிய மறுகணம் இரண்டும் போய்விடும். மறுபடி மூலையைப் பிடித்து, நேரம் கடந்தால்தான் திரும்ப வரும். அவர் முன்னால் ஓரடி நடந்தாலும் இதே கதைதான்.

இதை மனதில் வைத்துக்கொண்டு நீங்கள் தோற்ற ஆட்டங்களின் ரீப்ளேயைப் போட்டுப் பாருங்கள். ரீப்ளேயில் இருவரின் பட்டன் அழுத்தங்களையும் திரையில் காட்ட வைக்கலாம். ஒவ்வொரு அசைவும் எத்தனை பிரேம், அதாவது எத்தனை திரைப்படத் துண்டு நேரம், எடுக்கிறது என்று காட்டும் பிரேம் மீட்டரும் இருக்கிறது. நீங்கள் குதித்த ஒவ்வொரு இடத்திலும் நிறுத்திவிட்டு, அந்த நேரத்தில் கைல் ஆடுபவர் கீழ்-பின் மூலையில் எவ்வளவு நேரமாக இருந்தார் என்று பாருங்கள். பெரும்பாலும் பூமைக் கண்ணால் பார்த்த பிறகுதான் குதித்திருப்பீர்கள். கண்ணுக்குத் தெரிந்து விரல் அசைய ஒருவருக்குச் சுமார் கால் நொடி ஆகும். இந்த ஆட்டம் நொடிக்கு 60 பிரேம் ஓடுவதால், அது ஏறக்குறைய 15 பிரேம். பூம் போட்ட கைல் சீக்கிரமே தன்னிலைக்குத் திரும்பிவிடுவார். நீங்கள் காற்றில் இருக்கும்போதே சம்மர்சால்ட் கிக்குக்கான சார்ஜும் ஏறத் தொடங்கியிருக்கும். ஏறாவிட்டாலும் குந்திய நிலையில் போடும் ஹெவி பஞ்ச் இருக்கிறது.

ஆகவே பூமைப் பார்த்துக் குதிக்காதீர்கள். பூம் வரப்போகிறது என்று ஊகித்து, அவர் விரல் முன்னால் தட்டும் அதே நேரத்தில் குதியுங்கள். ஊகம் தப்பினால் அடி விழும், சரியாக இருந்தால் ஆட்டமே உங்கள் கைக்கு வந்துவிடும். ஒரு ரவுண்டுக்கு ஒன்றிரண்டு முறைக்கு மேல் இந்தச் சூதாட்டம் வேண்டாம். மீதி நேரமெல்லாம் நடக்க வேண்டும்.

நடப்பதற்குப் பெரிய துணை டிரைவ் பேரி, பட்டனைப் பிடித்து வரும் அடியை ஏற்றுக்கொள்ளும் ஒரு வகைத் தடுப்பு. நீங்கள் இப்போது பூம்களை வெறுமனே தடுத்துக்கொண்டு வருகிறீர்கள் என்று நினைக்கிறேன். இந்த ஆட்டத்தில் ஒவ்வொரு தடுப்புக்கும் டிரைவ் கேஜ் என்ற ஆறு கட்டச் சக்தி அளவு குறையும். பூம்களைத் தடுத்தபடியே பின்னால் நகர்ந்தால், சுவரில் முதுகு முட்டும் நேரத்தில் கேஜ் நன்றாகக் குறைந்திருக்கும், ஆறு கட்டமும் காலியானால் பர்ன்அவுட். அந்த நிலையில் சுவரோரம் டிரைவ் இம்பாக்ட் என்ற பலமான மோதல் அடியைத் தடுத்தால்கூடத் தலைசுற்றி நிற்க வேண்டியதுதான். பேரி அதற்கு நேர் எதிர். சும்மா பிடித்துக்கொண்டிருந்தால் கேஜ் கரையும். ஆனால் பூம் வந்து பட்டால் கேஜ் ஏறும். பேரியின் பலவீனம் த்ரோ, கிட்டே வந்து பிடித்து எறிவது. பேரி பிடித்திருப்பவரைத் தூக்கி எறிந்தால் அடி கூடுதலாக விழும். ஆனால் கோடியில் உட்கார்ந்திருக்கும் கைல் அங்கிருந்து உங்களைத் தூக்க முடியாது. எனவே தூரத்தில் பேரியைத் தைரியமாகப் பயன்படுத்துங்கள், பூம் வரும் நேரத்துக்கு மட்டும் தட்டிவிட்டு உடனே இரண்டடி முன்னால் நடங்கள். திரும்பப் பூம் வந்தால் திரும்பவும் அதையே செய்யுங்கள். பார்க்க மந்தமாக இருக்கும். கைல் ஆடுபவருக்கோ அதைவிட எரிச்சலான விஷயம் கிடையாது, ஏனென்றால் அவர் பின்வாங்க மேடையில் மிச்சமிருக்கும் இடம் குறைந்துகொண்டே வருகிறது.

பூமின் வேகத்தையும் கவனியுங்கள். லைட் பஞ்சில் வருவது மெதுவான பூம். அதைப் போட்டுவிட்டு அதன் பின்னாலேயே நடந்து வருவது கைலின் பழைய வழக்கம். அப்படி அவர் நடந்து வரும்போது கையில் சார்ஜ் எதுவும் இல்லை. உங்களுக்குக் கிடைக்கிற ஆகச் சிறந்த நேரம் அதுதான், அந்த மெதுவான பூமைப் பேரி செய்த கையோடு, டிரைவ் ரஷ் என்ற வேகமான முன்பாய்ச்சலில் பாயலாம். ஹெவியில் வரும் வேகமான பூமென்றால் அவர் இருந்த இடத்திலேயே இருப்பார். அப்போது பாயாதீர்கள், நடங்கள். டிரெய்னிங் மோடில் டம்மிக்கு கைலைக் கொடுத்து, மெதுவான பூம், வேகமான பூம், பூமே போடாமல் குந்தியிருந்து நீங்கள் குதித்ததும் உதைப்பது என்று தனித்தனியாகப் பதிவு செய்து, மாற்றி மாற்றி வரும்படி ஓட விடுங்கள். ஆன்லைனில் தோற்றுத் தோற்றுக் கற்பதைவிட இது சீக்கிரம் பலன் தரும்.

கிட்டே போய்ச் சேர்ந்த பிறகு நடப்பது உங்கள் ஆட்டம், சுருக்கமாகச் சொல்கிறேன். ஸாங்கீஃபின் பெரிய பிடியான ஸ்க்ரூ பைல்டிரைவரை எதிராளி தடுக்கவும் முடியாது, சாதாரண த்ரோ போல விடுவித்துக்கொள்ளவும் முடியாது. குதிக்கலாம், பின்னால் தாவலாம், அல்லது சம்மர்சால்ட் கிக் அடித்துத் தப்பலாம். சார்ஜும் டிரைவ் கேஜும் அவரிடம் இருக்கும் வரை அந்தக் கடைசி வழியைத்தான் எதிர்பார்க்க வேண்டும். ஒரு முறை பிடிக்காமல், தடுத்துக்கொண்டு சும்மா நில்லுங்கள். தடுக்கப்பட்ட சம்மர்சால்ட் கிக்குக்குப் பிறகு அவர் காற்றிலிருந்து இறங்கும் வரை செய்ய ஒன்றுமில்லை. நீங்கள் செய்யப் போகும் பெரிய அடியைத் தேர்ந்தெடுக்க நேரமே இருக்கும். அந்த ஒரு அடிக்குப் பிறகு அவர் உதைக்கத் தயங்குவார், தயங்கும் ஆளைப் பிடிப்பது சுலபம்.

6-4 என்பதைப் பற்றி. பத்து ஆட்டத்தில் நான்கு உங்களுக்கு என்று அர்த்தம். மூன்றில் இரண்டு வெல்ல வேண்டிய போட்டியில் அது நூற்றுக்குச் சுமார் 35 வாய்ப்பாகவும், ஐந்தில் மூன்று வெல்ல வேண்டுமென்றால் சுமார் 32 ஆகவும் இறங்கும். கணக்கு அப்படித்தான். ஆனால் அது எல்லா ஆட்டமும் ஒரே மாதிரி நடக்கும் என்று வைத்துக்கொண்டு போடும் கணக்கு. எதிராளியின் பழக்கம் இரண்டாவது ஆட்டத்தில் உங்களுக்குப் பிடிபட்டுவிட்டால் எண்கள் மாறும். அதைவிட முக்கியம், இந்த எண்கள் இருவரும் மேட்ச்அப்பைக் கரைத்துக் குடித்த நிலையில் சொல்லப்படுபவை. உங்கள் நிலையிலும் என் நிலையிலும் தோல்விக்கு அது காரணமாகாது. ஸாங்கீஃபைப் பிடித்திருக்கிறதென்றால் அவரையே ஆடுங்கள். கூடவே சில வாரங்கள் கைலையும் ஆடிப் பாருங்கள். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இல் ரேங்க் ஒவ்வொரு ஆளுக்கும் தனி, கைலை வைத்துத் தோற்றால் உங்கள் ஸாங்கீஃப் ரேங்க் குறையாது. அந்தப் பக்கம் உட்கார்ந்து ஆடும்போது, எதிரில் வருகிற ஸாங்கீஃப் எதைச் செய்தால் உங்களுக்குப் பதறுகிறது என்று பாருங்கள். எனக்கு இந்த மேட்ச்அப் விளங்கியது அப்படித்தான்.

இனி கன்ட்ரோலர். பேடில் ஆடினால் உயர முடியாது என்று யாராவது சொன்னால் சண்டை ஆட்டங்களின் பெரிய போட்டியான ஈவோவின் 2014 பதிப்பை நினைவூட்டுங்கள். அல்ட்ரா ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4 பட்டத்தை ரோஸ் என்ற ஆளை வைத்து வென்ற பிரெஞ்சுக்காரர் லஃபி, கையில் வைத்திருந்தது முதல் பிளேஸ்டேஷனின் பழைய பேட். வாயாலும் கன்னத்தாலும் பேடை இயக்கி சுன்-லியை உலகத் தரத்தில் ஆடிய அமெரிக்கர் புரோலிலெக்ஸையும் சொல்லலாம். கருவி முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. அவரவர் உடம்புக்கு எது பொருந்துகிறதோ அதுவே சரியான கருவி. அதனால்தான் உங்கள் கட்டைவிரல் வலியை நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன்.

ஸ்க்ரூ பைல்டிரைவருக்கான 360-ஐ, அதாவது திசைகளில் ஒரு முழு வட்டத்தை, பேடில் சுற்றும்போது வேலை முழுக்க ஒரே கட்டைவிரலுக்கு. முதலில் ஒன்றைச் சரிபாருங்கள், தேவைக்கு மேல் அழுத்திச் சுற்றுகிறீர்களா? நான்கு திசையும் தொட்டால் போதும், வட்டம் அழகாக இருக்க வேண்டியதில்லை. நின்ற இடத்தில் சுற்றினால் மேல் திசை தொட்டதும் ஆள் குதித்துவிடுவார். அதனால் குதித்து இறங்கும்போதோ, ஒரு சிறிய அடி முடியும் இடைவெளியிலோ, எதிராளியின் அடியைத் தடுத்துக்கொண்டிருக்கும்போதோ சுற்றி முடித்து, சரியான நேரத்தில் குத்தை மட்டும் அழுத்துங்கள். இந்தப் பழக்கம் வந்தால் பதற்றமும் குறையும், விரலில் போடும் பலமும் குறையும். அதற்குப் பிறகும் வலி நீடித்தால் கருவியை மாற்றியே ஆக வேண்டும், முதலில் சில நாள் விரலுக்கு ஓய்வும் கொடுங்கள். வலி போகாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மாற்றுவதென்றால் இரண்டு வழி. ஸ்டிக்கில் சுற்றுவது மணிக்கட்டும் முன்கையும் செய்யும் வேலை, 360-க்கு அது இயல்பாகவே வரும். ஜப்பானிய லீவரில் உருண்டைத் தலையும் உள்ளே ஸ்பிரிங்கும் இருக்கும், சான்வா நிறுவனத்தின் ஜேஎல்எஃப் அதில் பரவலானது. டெக்கன் என்ற இன்னொரு சண்டை ஆட்டத்தை ஆடுபவர்கள் விரும்பும் கொரிய லீவரில் ஸ்பிரிங்குக்குப் பதில் ரப்பர் வளையம், விட்டதும் நடுவுக்கு வேகமாகத் திரும்பும். லீவர்லெஸ்ஸில் லீவரே கிடையாது, நான்கு திசையும் நான்கு பட்டன், குதிப்பது கட்டைவிரலுக்கு. 360 அதில் வரிசையாக நான்கு தட்டு. விரல்களுக்கு வேலை பகிர்ந்து போவதால் வலி உள்ள பலருக்கு அது ஒத்துவருகிறது, ஆனால் கை பழகும் வரை இப்போது ஆடுவதைவிட மோசமாகத்தான் ஆடுவீர்கள்.

உங்கள் நண்பர்கள் லீவர்லெஸ்ஸைப் பற்றி இவ்வளவு உறுதியாகப் பேசுவதற்குப் பின்னால் ஒரு பழைய கதை இருக்கிறது. 2019-இல் புகழ்பெற்ற ஜப்பானிய ஆட்டக்காரர் உமெஹாரா டாய்கோ அந்த வகைப் பெட்டி ஒன்றோடு கைல் ஆடத் தொடங்கியபோது, இந்த ஆட்டத்தை உருவாக்கும் காப்காம் நிறுவனம் தன் போட்டிகளில் அதற்கு அனுமதி மறுத்தது. இடதையும் வலதையும் ஒன்றாக அழுத்தினால் என்ன கணக்கு என்பதுதான் பிரச்சினை. பின்பக்கத்தை விடாமலே முன்னால் தட்ட முடிந்தால் சார்ஜ் பிடிக்கும் ஆளுக்கு அது எவ்வளவு பெரிய சலுகை என்று யோசித்துப் பாருங்கள். இப்போது அவர்கள் போட்டிகளில் எதிரெதிர்த் திசைகளைச் சேர்த்து அழுத்தினால் எந்தத் திசையும் இல்லை என்றே கொள்ள வேண்டும். அந்தச் சலுகை போய்விட்டது. அது இருந்த காலத்திலும் கைலுக்குத்தான் உதவியிருக்கும், ஸாங்கீஃபுக்கு அல்ல.

செலவைக் குறைக்க வேண்டுமானால், ராஸ்பெரி பை பைக்கோ என்ற சிறிய போர்டில் ஜிபி2040-சிஇ என்ற இலவச மென்பொருளை ஏற்றி, பட்டன்களை ஒரு பெட்டியில் பொருத்தி நீங்களே லீவர்லெஸ் செய்துவிடலாம். சாலிடரிங் தெரிந்த நண்பர் ஒருவர் இருந்தால் போதும். பிசியில் பிரச்சினை இல்லாமல் ஏறும். பிஎஸ்5-இல் ஆடுகிறீர்களென்றால் கவனம், பிசியில் ஏறுவதெல்லாம் அதில் ஏறாது, முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். எதை வாங்குவதற்கு முன்பும் டிவியில் கேம் மோட் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத டிவியின் தாமதம் பல பிரேம்கள் வரை போகும், எந்தக் கன்ட்ரோலராலும் அதை ஈடுகட்ட முடியாது.

தங்கையைத் தாராளமாக மாடர்னில் ஆட விடுங்கள். ஒரே பட்டனில் ஸ்பெஷல், அதாவது சோனிக் பூம் போன்ற சிறப்பு அடிகள் வரும், அதற்கு விலையாக அடி இருபது சதவீதம் குறையும், சில சாதாரண அடிகளும் இருக்காது. வேண்டும்போது மாடர்னிலேயே திசைகளைச் சுற்றிப் போட்டு முழு அடியையும் வாங்கலாம், ஆகவே பழக்கம் கெடுவதற்கு ஒன்றுமில்லை. எந்த ஆளை ஆட வேண்டும் என்பதை அவளே தேர்ந்தெடுக்கட்டும். கைலைத் தேர்ந்தெடுத்தால் உங்களுக்கு வீட்டிலேயே பயிற்சி கிடைத்துவிடும்.