ஜனவரில ஆரம்பிச்சு மார்ச்ல நின்னுபோற சேமிப்பு

கேள்வி: சார், வயசு 34, திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில மெர்ச்சன்டைசரா இருக்கேன், கைக்கு 42,000 வருது. மூணு வருஷமா ஜனவரி 1 ஆனா மாசம் 10,000 சேக்கணும்னு முடிவு பண்றேன், போன வருஷம் எஸ்ஐபி (மாசாமாசம் மியூச்சுவல் ஃபண்டுல போடறது) கூட போட்டேன், மார்ச்லயே நின்னுபோச்சு. வாடகை, வீட்டுச் செலவு, கிரெடிட் கார்டு மினிமம் 3,400 எல்லாம் போக 11,000 மிஞ்சணும், ஆனா கைல நிக்கறதே இல்ல. கார்டுல 68,000 பாக்கி இருக்கு. தனியா வர்ற செலவுன்னா மார்ச்ல எல்ஐசி 12,500, மே மாசம் ஊர் நோம்பிக்கு (கோயில் திருவிழா) 8,000, ஜூன்ல பாப்பா ஸ்கூலுக்கு 28,000, செப்டம்பர்ல வண்டி இன்சூரன்ஸ் 2,500, தீபாவளிக்கு 20,000, அப்புறம் வருஷம் முழுக்க மொய் ஒரு 13,000. உனக்கு மன உறுதியே இல்லைன்னு வீட்ல சொல்றாங்க. இந்த வருஷமாவது விடாம பண்ண என்ன வழி? நகைச்சீட்டு போடலாமான்னும் கேக்கறாங்க.

பதில்: தம்பி, மன உறுதியெல்லாம் நல்லாதான் இருக்கு, கணக்குதான் தப்பு. நீங்க எழுதின அந்த தனிச் செலவை ஒரு தடவை கூட்டிப் பாத்தீங்களா? 84,000 வருது. பன்னெண்டால வகுத்தா மாசம் 7,000. அப்ப உங்ககிட்ட மிஞ்சறது 11,000 இல்ல, 4,000தான். நாலாயிரத்தை வச்சுக்கிட்டு பத்தாயிரம் சேக்கறேன்னு ஜனவரில கிளம்பினா மார்ச்ல எல்ஐசி நோட்டீஸ் வந்ததும் நிக்கத்தான் செய்யும், யாரா இருந்தாலும் நிக்கும்.

நானும் வருஷா வருஷம் புது டைரி வாங்கி பொங்கல் வரைக்கும் எழுதற ஆள்தான், அதனால உறுதி பத்தி உங்களுக்கு கிளாஸ் எடுக்கற தகுதி எனக்கில்ல.

இப்ப கார்டுக்கு வருவோம், ஏன்னா உங்க காசு ஒழுகற ஓட்டை அங்கதான் இருக்கு. மாசம் 3,400 கட்டறோமே கடன் குறையுதுன்னு நினைச்சிட்டிருக்கீங்க. ஸ்டேட்மென்ட்ல வட்டி எவ்ளோன்னு போட்டிருப்பான், மாசம் 3.5%னு வச்சுக்கோங்க, 68,000க்கு 2,380 வட்டி, அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி ஒரு 428, ஆக 2,808 அப்படியே போயிருது, அசல்ல குறையறது 592 ரூபா. அதுக்கும் மேல பழைய பாக்கி நிக்கற வரைக்கும் புதுசா எது வாங்கினாலும் வாங்கின நாள்ல இருந்தே வட்டி ஓடும், அந்த நாப்பது அம்பது நாள் வட்டியில்லாம சும்மா கிடைக்கற கதையெல்லாம் முழுசா கட்டறவங்களுக்குதான். வருஷத்துக்கு 42% வட்டி கட்டிக்கிட்டே எஸ்ஐபில 12% வருமான்னு பாத்துட்டிருந்தா என்ன அர்த்தம்? அதனால கார்டு முடியற வரைக்கும் எஸ்ஐபி வேண்டாம். நின்னது நல்லதுக்குன்னே வச்சுக்கோங்க.

வீட்ல ரெண்டு பவுன் இருந்தா (உங்க செயினா இருந்தா ரொம்ப நல்லது, வீட்டம்மா நகைன்னா முதல்ல கணக்கை காட்டிட்டு கேளுங்க) பேங்க்ல வச்சு 68,000 வாங்கி கார்டை ஒரே அடியா கட்டிருங்க. பேங்க் நகைக்கடன் வருஷத்துக்கு 10% பக்கம்தான் இருக்கும், முதல் மாச வட்டி 570 ரூபாய்க்குள்ள. நடுவுல கொஞ்சம் கொஞ்சமா அசல் கட்டலாமான்னு கேட்டுட்டு வாங்குங்க. ஆனா ஒண்ணு, கார்டு காலியானதும் திரும்ப தேய்ச்சீங்கன்னா ரெண்டு கடன் ஆயிரும், அதனால போன்ல சேவ் பண்ணி வச்சிருக்கற கார்டு நம்பரையெல்லாம் எல்லா ஆப்லயும் அழிச்சிட்டு கார்டை பீரோல வைங்க.

அடுத்தது ஜூன். மாசம் 7,000 எடுத்து வச்சா போதும்னு மேல சொன்னேன்ல, அது இந்த வருஷத்துக்கு செல்லாது, ஏன்னா பெரிய செலவெல்லாம் முன்னாடியே வருது. ஜூன் முடியறதுக்குள்ள எல்ஐசி, நோம்பி, ஸ்கூல், பாதி மொய் சேத்து 55,000 வேணும், ஏழாயிரம் வச்சா ஆறு மாசத்துல 42,000தான் இருக்கும், மிச்சம் 13,000க்கு திரும்ப கார்டுதான் தேய்ப்பீங்க. அதனால ஜனவரி டு ஜூன் மாசம் 9,200 தனியா வைங்க. 11,000ல மீதி 1,800, இனிமே கட்ட வேண்டாத அந்த 3,400, ரெண்டும் சேத்து 5,200 நகைக்கடனுக்கு. ஜூலைல இருந்து அக்டோபர் வரைக்கும் தனியா 6,700 வைங்க, வண்டி இன்சூரன்ஸ், தீபாவளி, மொய் எல்லாம் அதுல வந்துரும், லோனுக்கு 7,700 போகும். நவம்பர், டிசம்பர்ல தனியா மொய்க்கு 1,100 போதும், மீதி லோனுக்கு. இப்படி போனா நவம்பர்ல நகை வீட்டுக்கு வந்துரும். தீபாவளி போனஸை நான் கணக்குலயே சேக்கல, வந்தா அதுவும் லோனுக்கு, இன்னும் சீக்கிரம் முடியும்.

விடாம பண்றதுக்கு பெரிய ரகசியமெல்லாம் இல்ல, தேதிதான். உங்க கம்பெனில சம்பளம் 1ஆம் தேதியா 7ஆம் தேதியா தெரியல, எந்த தேதியோ அதுக்கு மறுநாள் அந்த 9,200 வேற அக்கவுண்டுக்கு தானா போற மாதிரி பேங்க்ல சொல்லி வைங்க. 25ஆம் தேதி வச்சா அக்கவுண்ட்ல காசு இருக்காது, திரும்பி வந்ததுக்கு பேங்க் ஃபைன் வேற போடும். அந்த ரெண்டாவது அக்கவுண்ட்டை ஜிபே, போன்பே எதுலயும் சேக்காதீங்க, ஏடிஎம் கார்டு வீட்டம்மாகிட்ட இருக்கட்டும். எடுக்கணும்னா அவங்ககிட்ட கேக்கணும், அந்த ஒரு சங்கடம் போதும், பாதி செலவு தானா நின்னுரும். ஒரு மாசம் தவறிப்போச்சா, அடுத்த மாசம் டபுளா போடறேன்னு வீராப்பு வேண்டாம், அதுலதான் மொத்தமும் கவுந்துரும். விட்டதை விட்டுட்டு அதே 9,200 போடுங்க, குறையறதை நோம்பி, மொய் செலவுல குறைச்சு பாத்துக்கலாம்.

நகைச்சீட்டு இந்த வருஷம் வேண்டாம்னு வீட்ல சொல்லிருங்க. பதினோரு மாசம் கட்டிட்டு கடைசில நகையாதான் எடுக்க முடியும், ஜூன்ல ஸ்கூல் ஃபீஸுக்கு அதுல இருந்து பணமா உருவ முடியாது. பேங்க்ல வச்ச நகை திரும்பி வரட்டும், நவம்பர், டிசம்பர்ல லோன் போக மிஞ்சறதை அடுத்த ஜூனுக்குன்னு எடுத்து வைங்க, அதுக்கு அடுத்த தை மாசத்துல இருந்து தனிச் செலவுக்கு 7,000 வச்சது போக 7,400 சும்மா இருக்கும்ல, அதுல 2,000 சீட்டுக்கு, 5,000 எஸ்ஐபிக்குன்னு அப்ப பேசிக்கலாம்.