பால்புட்டியில் வெந்நீர்: எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது

பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆன புட்டியில் கொதிநீர் ஊற்றி, பால்பவுடர் போட்டுக் குலுக்குவது குழந்தைக்குக் கெடுதலா என்று கேட்டிருந்தீர்கள். புட்டியிலிருந்து நுண்ணிய பிளாஸ்டிக் துகள் உதிர்வது உண்மைதான். 2020இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் ஆய்வில், 25 டிகிரி நீரில் லிட்டருக்குச் சுமார் 6 லட்சம் துகள்கள் வந்தன. 95 டிகிரியில் 5.5 கோடி வரை. குலுக்கினால் இன்னும் கூடும்.

அதற்காக ஆறின தண்ணீரில் கலந்துவிடாதீர்கள்! பவுடரிலேயே கிருமி இருக்கலாம். 70 டிகிரிக்குக் குறையாத நீர்தான் அதைக் கொல்லும். இது துகளைவிட உறுதியாகத் தெரிந்த ஆபத்து.

மாற்ற வேண்டியது பாத்திரத்தை. எவர்சில்வரில் நீரைக் கொதிக்கவைத்து, அரை மணிக்குள், கொதிநீரில் போட்டெடுத்த எவர்சில்வர் டம்ளரில் கலக்குங்கள். இளஞ்சூட்டுக்கு வந்தபின் புட்டியில் ஊற்றுங்கள். கிருமிநீக்கம் செய்த புட்டியை, கொதித்து ஆறிய நீரால் மூன்று முறை அலசிவிட்டுப் பயன்படுத்தவும். புட்டியை மைக்ரோவேவில் சூடாக்க வேண்டாம். கண்ணாடிப் புட்டி என்றால் இந்த வேலையில் பாதி மிச்சம்.

பிளாஸ்டிக் துகளையும் இதயநோயையும் பற்றி நீங்கள் படித்ததாகச் சொன்ன செய்தி, 2024இல் இத்தாலியில் 257 பேரின் கழுத்துத் தமனியில் (இரத்தக் குழாயில்) படிந்திருந்த கொழுப்பைப் பார்த்த ஆய்வு. அந்தப் படிவில் துகள் இருந்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், மரணம் ஆகியவற்றின் அபாயம், இல்லாதவர்களோடு ஒப்பிட்டால், சுமார் 4.5 மடங்கு. அது தொடர்பைக் காட்டுகிறது, காரணத்தை நிறுவவில்லை. ஏற்கெனவே தமனி அடைப்புக்கு அறுவைசிகிச்சை செய்துகொண்ட பெரியவர்கள் அவர்கள். குழந்தைக்கு அப்படியே பொருத்த முடியாது.