பிரெட் மாவு உப்பாதது ஏன்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி (ராணிப்பேட்டை): வீட்டில் செய்த பிரெட் உப்பவே இல்லை. காரணம் என்ன?

பதில்: மாவின் எடை, ஈஸ்டின் வகை, ஊற்றிய நீரின் சூடு, மூடி வைத்த நேரம் ஆகிய எதையும் எழுதாமல் காரணத்தை மட்டும் கேட்டால், நான் சோழி உருட்டித்தான் பார்க்க வேண்டும். முதலில் ஈஸ்டைச் சோதியுங்கள். அரை டம்ளர் வெதுவெதுப்பான நீரில் ஒரு தேக்கரண்டி சர்க்கரையையும் ஒரு தேக்கரண்டி ஈஸ்டையும் கலந்து வைத்தால், 10 நிமிடத்தில் நுரை பொங்கி வர வேண்டும். வராவிட்டால் அதைக் கொட்டிவிட்டுப் புதிய பொட்டலம் வாங்குங்கள். நுரை வந்தும் மாவு உப்பவில்லை என்றால், மேலே கேட்ட விவரங்களுடன் மீண்டும் எழுதுங்கள்.

கேள்வி (காட்பாடி): காய்ச்சிய பாலைச் சூடு ஆறுவதற்குள் ஊற்றிப் பிசைந்தேன். மாவு கல்லாகவே இருந்தது.

பதில்: 60 டிகிரியை நெருங்கினாலே ஈஸ்ட் செத்துவிடும். விரலை விட்டால் சுடாத சூடே போதும்.

கேள்வி (ஆம்பூர்): மில்லில் அரைத்த கோதுமை மாவில் மட்டும் செய்கிறேன். மைதா பிரெட் போல உயரவில்லை.

பதில்: உயராது. தவிட்டுத் துணுக்குகள் மாவின் இழுவையை அறுத்துவிடுவதால், ஈஸ்ட் விடும் காற்றைப் பிடித்து வைக்க வலுவான வலை உருவாவதில்லை. பாதி மைதா கலந்து, நீரைச் சற்றுக் கூட்டி, உப்பும் ஈஸ்டும் சேர்ப்பதற்கு முன் மாவை நீரில் அரை மணி நேரம் ஊறவிட்டுப் பிறகு பிசைந்தால் ஓரளவு எழும்பும். முழுக் கோதுமைதான் வேண்டும் என்றால் சற்றுக் கனமான பிரெட்டை விரும்பிச் சாப்பிடப் பழகிக்கொள்ளுங்கள். அதில் குறை ஒன்றும் இல்லை.

கேள்வி (சத்துவாச்சாரி, வேலூர்): காணொளியில் சொன்னபடியே முதலில் ஒன்றரை மணி நேரமும், டின்னில் இட்ட பிறகு ஒரு மணி நேரமும் வைத்தேன். நன்றாக எழும்பிய மாவு ஓவனில் அமுங்கிவிட்டது; கள் வாசனையும் அடித்தது. ஈஸ்டை இன்னும் கூட்டலாமா?

பதில்: கூட்டவே கூடாது, குறைக்க வேண்டும். இதைப் பலமுறை எழுதியும் மாதந்தோறும் இதே கடிதம் வருகிறது. அந்தக் காணொளியை எடுத்தவரின் சமையலறை 21, 22 டிகிரியில் இருந்திருக்கும். மே மாதக் கத்திரியில் உங்கள் சமையலறை 36 டிகிரிக்குக் குறையாது. அங்கே ஒன்றரை மணி நேரத்தில் நடப்பது இங்கே அரை மணியிலேயே முடிந்துவிடும். அதற்கு மேலும் வைத்தால் மாவு புளித்து, வலை தளர்ந்து, ஓவனின் சூடு பட்டதும் உட்கார்ந்துவிடும். இட்லி மாவு மார்கழியில் மறுநாள் காலை வரை அசையாமல் கிடப்பதையும், சித்திரையில் நான்கைந்து மணி நேரத்தில் பாத்திரத்தை விட்டு வழிவதையும் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். அதற்கு யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை. அதே வீட்டில் பிரெட் என்றதும் அலாரம் வைப்பது ஏன் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

நான் தொழில் கற்ற பேக்கரியில், ஐஸ் வராத ஒரு கோடைப் பகலில், மொட்டை மாடித் தொட்டித் தண்ணீரையே ஊற்றிப் பிசைந்துவிட்டோம். டின்னில் போடுவதற்கு முன்பே மாவு மேசையில் பொங்கிப் புளித்து, அன்றைய மாவு முழுவதும் வீணாயிற்று. அன்று முதல் கோடையில் நீரின் சூட்டைக் கணக்குப் பார்க்காமல் நான் பிசைவதில்லை. பிசைந்த மாவு 26 டிகிரியில் இருப்பது நல்லது. அறை, மைதா, நீர் ஆகிய மூன்றின் சூடும் மாவில் சேர்வதால், அதை மூன்றால் பெருக்கினால் 78. அறையும் மைதாவும் தலா 36 என்றால் இரண்டும் சேர்ந்து 72. மீதம் 6 டிகிரிதான் நீருக்கு, அதாவது ஐஸ் மிதக்கும் நீர் வேண்டும். இன்ஸ்டன்ட் ஈஸ்டை, அதாவது வெந்நீரில் கரைக்காமலே மாவில் கலக்கும் உலர் ஈஸ்டை, நேராக அந்தக் குளிர்நீரில் போட்டுவிடாதீர்கள். மைதாவோடு கலந்த பிறகு நீரை ஊற்றுங்கள். கால் கிலோ மைதாவுக்குச் சாதாரண நாளில் ஒரு தேக்கரண்டி இன்ஸ்டன்ட் ஈஸ்ட் என்றால், கத்திரியில் அரைத் தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம்.

நேரத்துக்குப் பதிலாக விரலை நம்புங்கள். டின்னில் உள்ள மாவை மைதா தொட்ட விரலால் மெல்ல அழுத்துங்கள். குழி உடனே நிரம்பினால் பொறுங்கள். மெதுவாகப் பாதி நிரம்பினால் ஓவனில் வையுங்கள். அப்படியே நின்றுவிட்டால் நேரம் கடந்துவிட்டது. அப்போது மாவை அமுக்கிக் காற்றை வெளியேற்றி, மறுபடி உருட்டி, பாதி நேரம் மட்டும் வைத்துச் சுட்டுப் பாருங்கள். கள் வாசனை தூக்கலாக இருந்தால் அதுவும் பலிக்காது.

கேள்வி (ஆற்காடு): உப்பு ஈஸ்டைக் கொன்றுவிடும் என்பதால் போடுவதே இல்லை. சரியா?

பதில்: தவறு. கால் கிலோ மைதாவுக்கு 5 கிராம் உப்பு ஈஸ்டின் வேகத்தை அடக்கி, மாவுக்கு இறுக்கம் தரும். நம் ஊர் வெயிலில் அந்தக் கடிவாளம் அவசியம்.

கேள்வி (ஆரணி): ஈஸ்டுக்குப் பதிலாக ஆப்ப சோடா போடலாமா?

பதில்: போடலாம். புளித்த மோரும் சேர்த்தால் உப்பி வரும். ஆனால் கிடைப்பது வேறு பண்டம்.

கேள்வி (குடியாத்தம்): இரவு பிசைந்து ஃபிரிட்ஜில் வைத்துக் காலையில் சுடலாமா? இங்கே மின்வெட்டு உண்டு.

பதில்: தாராளமாக வைக்கலாம், கோடைக்கு நான் முதலில் பரிந்துரைப்பதும் அதுதான். ஈஸ்டைப் பாதியாக்கி, இரட்டிப்பாக இடமுள்ள பாத்திரத்தில் எண்ணெய் தடவி மூடி, 10 முதல் 12 மணி நேரம் வையுங்கள். கதவைத் திறக்காமல் இருந்தால் ஓரிரு மணி நேர மின்வெட்டால் கெடுதல் இல்லை. காலையில் மாவை உருட்டி டின்னில் இட்ட பிறகு எவ்வளவு நேரம் வைப்பது என்று அடுத்த கடிதத்தில் கேட்காதீர்கள்; சத்துவாச்சாரி வாசகருக்குச் சொன்ன விரல் சோதனையே உங்களுக்கும்.