எந்த முகத்தோடு திரும்பிப் போவேன்?

கேள்வி: என் கணவர் புற்றுநோயில் இறந்து ஏழு வருடம் ஆகிறது. அவருக்காக உபவாசமிருந்து மன்றாடினேன். பிழைக்கவில்லை. அன்றோடு ஆலயத்துக்குப் போவதை நிறுத்திவிட்டேன். கடவுளை வாய்க்கு வந்தபடி திட்டியும் இருக்கிறேன். இப்போது திரும்பிப் போக மனம் தவிக்கிறது. அவர் இன்னும் என்னை நேசிப்பாரா?

பதில்: சகோதரி, உங்கள் கணவர் ஏன் பிழைக்கவில்லை என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆயராகப் பணியைத் தொடங்கிய புதிதில் இருப்பதாக நினைத்தேன். மகனைப் பறிகொடுத்த ஒரு தாயிடம், அடக்க ஆராதனை முடிந்த கையோடு, "எல்லாம் ஆண்டவருடைய சித்தம்" என்றேன். அவர் என் பிடியிலிருந்து தன் கையை மெதுவாக உருவிக்கொண்டார். அதற்குப் பிறகு எந்தக் கல்லறையருகிலும் அந்த வார்த்தையை நான் சொன்னதில்லை.

உங்கள் கோபத்தைப் பற்றி முதலில் சொல்கிறேன். லாசரு இறந்தபோது மார்த்தாள் இயேசுவிடம் சொன்னது என்ன? "நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்." சற்று நேரத்தில் தங்கை மரியாளும் வந்து அதையே சொல்கிறாள். அக்காளும் தங்கையும் வீட்டுக்குள் எத்தனை முறை இதைச் சொல்லி அழுதிருப்பார்கள்! இயேசு அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. கண்ணீர் விட்டார்.

இனி, எந்த முகத்தோடு போவது என்ற கேள்வி. லூக்கா 15-ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்லும் கதையில், தகப்பனிடம் சொத்தில் பங்கு வாங்கிப் போய் எல்லாவற்றையும் அழித்துவிட்டு வீடு திரும்பும் இளைய மகனும் இதற்குத்தான் பயந்தான். அதனால் வழியிலேயே பேச்சைத் தயார் செய்துகொண்டான்: பாவம் செய்தேன், மகன் எனப்படத் தகுதியில்லை, கூலிக்காரரில் ஒருவனாக வைத்துக்கொள்ளும். இது 18, 19 வசனங்கள். 21-ஆம் வசனத்தில் அவன் தகப்பனிடம் பேசுவதை அதன் அருகே வைத்து வாசியுங்கள். கூலிக்காரன் என்ற பகுதி அங்கே இல்லை! அதற்குள் தகப்பன் வேலைக்காரர்களைக் கூப்பிட்டு, உயர்ந்த வஸ்திரம் கொண்டுவாருங்கள், கைக்கு மோதிரம், காலுக்குப் பாதரட்சை என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். பல வருடம் பிரசங்கம் செய்த பிறகுதான் இது என் கண்ணில் பட்டது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

கடவுளின் அன்பைச் சொல்ல நாம் எப்போதும் எடுக்கும் இந்தக் கதையின் கிரேக்க மூலத்தில் அன்பு என்ற சொல்லே கிடையாது. தூரத்தில் வரும்போதே கண்டார், மனதுருகினார், ஓடினார், கழுத்தைக் கட்டிக்கொண்டார், முத்தமிட்டார் என்றுதான் இருக்கிறது. அவன் வாய் திறக்குமுன்பே இத்தனையும் நடந்துவிடுகிறது. நாம் திருந்திய பிறகல்ல, "பாவிகளாயிருக்கையில்" கிறிஸ்து நமக்காக மரித்தார் என்று ரோமருக்கு எழுதிய பவுல் சொன்னதும் இதைத்தான். நீங்கள் இருந்த உபவாசம் கூலிக்குச் செய்த வேலை அல்ல. நீங்கள் திட்டியதற்காகப் பிடித்துக்கொள்ளப் பாக்கியும் இல்லை.

வரும் ஞாயிறு போங்கள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தால் போதும். ஜெபிக்க வார்த்தை வராவிட்டால் மார்த்தாளின் வார்த்தையிலிருந்தே தொடங்குங்கள்.

கேள்வி: வீட்டோடு இருந்து உழைத்த மூத்த மகனுக்கு அந்தத் தகப்பன் செய்தது அநியாயம் இல்லையா?

பதில்: அவனும் அப்படித்தான் கேட்டான். உள்ளே வரமாட்டேன் என்று நின்றவனைத் தேடியும் தகப்பன்தான் வெளியே வந்து வருந்தி அழைத்தார். "எனக்குள்ளதெல்லாம் உன்னுடையது" என்றார். பிறகு அவன் உள்ளே போனானா என்பதை இயேசு சொல்லவில்லை.